ஹொக்கைடோவில் லாரி கேம்பர்: சிங்கப்பூர்க் குடும்பம் வாடகைக்கு எடுக்கும்போது

நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஜப்பானில் வாடகைக்குக் கிடைக்கும், உள்ளேயே படுத்துத் தங்கும் கேம்பர் வண்டிகளில் மிகவும் பொருத்தமானது, சிறிய லாரியின் அடிச்சட்டத்தில் ஃபைபர் கூடு கட்டிய வகை. டொயோட்டா இதற்கென்றே கேம்ரோடு என்ற அடிச்சட்டத்தைத் தயாரிக்கிறது. இசுசு, மஸ்டா அடிச்சட்டங்களில் கட்டிய வண்டிகளும் ஓடுகின்றன. ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு படுக்கை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். நடுவில் மேசையும் இருக்கைகளும், பின்னால் பெரும்பாலும் மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள்.

நீளம் ஏறக்குறைய 5 மீட்டர், அகலம் 2 முதல் 2.1 மீட்டர், உயரம் 2.7 முதல் 2.9 மீட்டர். நம் வீவக கார்பார்க் கட்டம் 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் கொண்டது. அதில் நிறுத்தினால் மூக்கோ வாலோ வெளியே நிற்கும் என்று நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

விளம்பரப் படங்களில் மெத்தையும் திரைச்சீலையும்தான் தெரியும். பயணம் நன்றாக அமையுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: எத்தனை சீட் பெல்ட், எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், பேட்டரியில் எவ்வளவு மின்சாரம். இந்த நான்கையும் சிங்கப்பூரில் இருக்கும்போதே கணக்குப் போட்டுவிட வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ள வழியில்லை.

எப்போது போவது

ஜூன் பள்ளி விடுமுறைதான் சரியான காலம். ஜப்பானின் மற்றப் பகுதிகளில் மழைக்காலம் தொடங்கும்போது ஹொக்கைடோவில் அந்த அளவு மழை இருக்காது. பகலில் இதமாக இருக்கும். இரவில், குறிப்பாக உள்நாட்டு மலைப்பகுதிகளில், 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கலாம். ஒரு விஷயத்தைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஃபுரானோவின் லாவெண்டர் வயல்கள் ஜூலையில்தான் முழுதாகப் பூக்கும். ஜூன் கடைசியில் முன்பூக்கும் வகைகள் கொஞ்சம் தென்படலாம், அவ்வளவுதான். ஜூனில் விடியற்காலை 4 மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். ஜன்னல் மறைப்புகளை இரவிலேயே முழுதாக மூடாவிட்டால் சின்னப் பிள்ளைகள் அப்போதே எழுந்துவிடுவார்கள், பிறகு யாருக்கும் தூக்கமில்லை.

ஆண்டிறுதி விடுமுறைக்கு இந்த வண்டியை ஹொக்கைடோவில் எடுக்க வேண்டாம். நவம்பர் நடுவிலிருந்தே பனி விழத் தொடங்கும். பனி டயர் போட்டுத்தான் கொடுப்பார்கள். ஆனால் உறைந்த சாலையில் உயரமான, மூன்று டன் எடையுள்ள வண்டியை நிறுத்தும் பழக்கம் சிங்கப்பூரில் யாருக்கும் வாய்ப்பதில்லை. டிசம்பரில்தான் போக முடியும் என்றால் அப்போது கோடைக்காலமாக இருக்கும் நியூசிலாந்தைப் பாருங்கள். மார்ச் விடுமுறையும் இதே காரணத்தால் வேண்டாம். செப்டம்பரின் ஒரு வாரம் நல்லது, ஆனால் குறுகியது.

உரிமம்

ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி மட்டுமே. சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம் வழங்கும் அனுமதி அந்த வகையைச் சேர்ந்தது. இணையத்தில் பணம் கட்டினால் அனுப்பிவைக்கும் மற்ற ‘அனைத்துலக உரிமங்கள்’ செல்லாது. அவற்றைக் காட்டினால் வாடகைக் கடைக்காரர் சாவியைத் தரமாட்டார், கட்டிய வாடகையும் திரும்பாது. அனுமதியோடு சிங்கப்பூர் உரிமத்தின் அசல் அட்டையையும் கடப்பிதழையும் கொண்டு போங்கள்.

அனுமதியில் பி பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். அந்தப் பிரிவு 3,500 கிலோ மொத்த எடை வரை செல்லும். முன்பதிவு செய்யும்போதே வண்டியின் மொத்த எடை அதற்குள் வருகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 3ஏ உரிமம் வைத்திருப்பவர்கள் ஆட்டோ கியர் வண்டியா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். இருவர் மாறி மாறி ஓட்டுவதானால் இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் காப்புறுதி கைவிரித்துவிடும்.

படுக்கையை எண்ணாதீர்கள்

வண்டியின் விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்பது, மற்றொன்று எத்தனை பேர் படுக்கலாம் என்பது. ‘ஆறு பேர் பயணம், ஐந்து பேர் படுக்கை’ என்று போட்டிருந்தால் ஆறு பேரும் ஒரே மாதிரி பாதுகாப்போடு உட்காரலாம் என்று பொருள் இல்லை. இருக்கைப் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு இருக்கைக்கும் மூன்று விவரங்கள் தெரிய வேண்டும்: முன்னோக்கியதா, பின்னோக்கியதா, பக்கவாட்டா, பெல்ட் தோள் வரை வரும் மூன்று முனை வகையா, இடுப்பை மட்டும் சுற்றும் இரண்டு முனை வகையா, பிள்ளை இருக்கையை அதில் கட்ட முடியுமா.

வழக்கமான அமைப்பு இப்படி இருக்கும். ஓட்டுநருக்கும் அவர் பக்கத்து இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட். மேசைக்குப் பின்னால் முன்னோக்கி இருக்கும் இரண்டு இடங்களுக்கும் அதே. மேசைக்கு முன்னால், பின்னோக்கிப் பார்க்கும் இடங்களுக்கும் பக்கவாட்டு சோபாவுக்கும் இடுப்பு பெல்ட் மட்டுமே. பிள்ளை இருக்கை உறுதியாக நிற்பது பெரும்பாலும் முன்னோக்கிய அந்த இரண்டு இடங்களில்தான். ஆகவே ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மூவர் இருக்கும் குடும்பத்துக்கு, ஏழு பேர் பயணம் செய்யலாம் என்று எழுதியிருந்தாலும், இந்த வண்டி சரிவராது.

ஜப்பானில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பிள்ளை இருக்கை சட்டப்படி கட்டாயம். நமக்குப் பழக்கமான அளவுகோல் 1.35 மீட்டர் உயரம். அதையே அங்கும் வைத்துக்கொள்வது நல்லது. வயது ஏழு ஆனாலும் உயரம் குறைவு என்றால் பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை கேளுங்கள், அல்லது வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானியச் சட்டம் ஆட்களைக் கணக்கிடும்போது 12 வயதுக்குக் குறைந்த மூவரைப் பெரியவர்கள் இருவருக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் ஒருவரைக் கூடுதலாக ஏற்ற அனுமதி கிடைக்கலாம், ஆனால் அந்த ஒருவருக்கு பெல்ட் இருக்காது. இந்தச் சலுகையைப் பயன்படுத்தாதீர்கள். ஓடும் வண்டியில் மேல் படுக்கையில் பிள்ளைகளை விளையாட விடுவதும் கூடாது. பிரேக் போட்டால் அங்கிருந்து நேராக முன்கண்ணாடிக்குத்தான் வருவார்கள்.

பாட்டி, தாத்தா உடன் வந்தால் அவர்களுக்குக் கீழ்ப் படுக்கை. மேசையை இறக்கி மெத்தை விரித்தால் வரும் படுக்கைதான் அகலமானது, ஆனால் அதை இரவில் போட்டுக் காலையில் எடுக்க வேண்டும். மேல் படுக்கைக்கு ஏணி செங்குத்தாக இருக்கும், தலைக்கு மேல் இடைவெளி குறைவு. இரவில் இரண்டு முறை கழிவறைக்கு எழுபவரை அங்கே படுக்க வைக்க முடியாது. பிள்ளைகள் மேலே படுத்தால் தடுப்பு வலை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

எடை

இந்த வண்டிகளில் அடிக்கடி பழுதாவது பின் டயர். கூடு, அலமாரி, பேட்டரி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து அடிச்சட்டத்தின் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதற்கு மேல் ஆட்களும் பெட்டிகளும் ஏறும். டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலும் பக்கச் சுவர் அதிகமாக வளைந்து சூடேறும், விரைவுச்சாலையில் வெடிக்கும். பழைய கேம்ரோடு வண்டிகளில் பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர்தான். 2021க்குப் பிறகு வந்தவற்றில் இரட்டை டயர். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் கூடுதல் காசு கொடுத்தாவது இரட்டை டயர் வண்டியை எடுங்கள். எது கிடைத்தாலும் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, வண்டி குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள். இவை லாரி டயர்கள். காருக்கு அடிப்பது 230 கிலோபாஸ்கல் அளவில் என்றால் இவற்றுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். பெட்ரோல் நிலைய ஊழியர் காரென்று நினைத்துக் குறைத்துவிடாமல் கவனியுங்கள்.

ஜப்பானியப் பதிவில் ஒரு ஆளுக்கு 55 கிலோ என்று கணக்கு. ஐந்து பேருக்கு 275. ஆளுக்கு 20 கிலோ பெட்டி என்றால் இன்னொரு 100. தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40. அரிசி, பழம், பானங்கள் என்று அங்கே வாங்குவது சேர்ந்தால் 430 கிலோவைத் தாண்டிவிடும். பெரியவர்கள் 55 கிலோவில் நிற்பதும் அபூர்வம். எனவே பெட்டி ஆளுக்கு 12 கிலோவுக்குள், கனமான பொருட்கள் தரையோரத்தில் இரு அச்சுக்கும் நடுவே, பின் படுக்கைக்கு அடியில் லேசானவை மட்டும்.

கடினமான பெரிய சூட்கேஸ்களை வீட்டில் வையுங்கள். உள்ளே அவற்றுக்கு இடமே இல்லை. பகலில் படுக்கை மேல், இரவில் ஓட்டுநர் இருக்கை மேல் என்று நாள் முழுதும் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். மடக்கக்கூடிய துணிப்பைகள்தான் சரி.

முன்பதிவும் காப்புறுதியும்

நாள் வாடகை பருவத்தையும் வண்டியின் வயதையும் பொறுத்து 20,000 யென்னிலிருந்து 40,000 யென் வரை போகும். இதோடு காப்புறுதி மேல்கட்டணம், போர்வை வாடகை, பிள்ளை இருக்கை, சுங்கக் கட்டண அட்டை, டீசல், முகாம் இடக் கட்டணம் எல்லாம் சேர்த்து, அதே நாட்களுக்கு வாடகைக் காரும் ஹோட்டலும் எவ்வளவு வெள்ளி ஆகும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பேருக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. கேம்பர் எடுப்பது காசு மிச்சம் பிடிக்க அல்ல. பிள்ளை தூங்கிவிட்டால் நிற்கவும், ஏரிக்கரையில் காலை உணவு சாப்பிடவும், பெட்டியை ஒரே முறை பிரிக்கவும்தான்.

காப்புறுதியில் மூன்று கேள்விகள். விபத்தில் நாம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, அதை முழுதாக நீக்கும் திட்டம் உண்டா? வண்டி பழுது பார்க்க நிற்கும் நாட்களுக்கான இழப்பீடு அதில் அடங்குமா? கூரை, மேல் படுக்கையின் மூக்கு, பக்கவாட்டு வெயில் மறைப்பு ஆகியவற்றின் சேதம் அடங்குமா? கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் ‘இல்லை’ என்றே பதில் வரும். உயரத்தை மறந்து இடிப்பதுதான் இந்த வண்டிகளில் அதிகம் நடப்பதும்.

சின்ன உரசலாக இருந்தாலும் 110ஐ அழைத்துக் காவல்துறையில் பதிய வேண்டும். பதிவு இல்லாமல் காப்புறுதி செல்லாது. யாருக்கும் அடிபட்டால் 119. அதற்குப் பிறகுதான் வாடகை நிறுவனத்துக்குப் போன்.

வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது

கையளிப்புக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இரவு விமானத்தில் வந்து காலையில் நியூ சித்தோசே விமான நிலையத்தில் இறங்குபவர்கள் அரைத் தூக்கத்தில் தலையாட்டிவிட்டு, அன்று இரவு ஹீட்டரை எப்படிப் போடுவது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். ஒருவர் கேட்க, ஒருவர் முழு விளக்கத்தையும் போனில் படம் பிடிக்கட்டும். வெளிப்புறத்தைச் சுற்றி எடுக்கும்போது கூரை விளிம்பையும் பின் மூலைகளையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் நீங்களே ஒரு முறை இயக்கிப் பாருங்கள்: மேசையைப் படுக்கையாக்குவது, தண்ணீர் பம்ப், கூரைக் காற்றோட்டி, ஹீட்டர், வெளி மின்கம்பி, டீசல் மூடி. வண்டியின் உயரத்தைச் சென்டிமீட்டரில் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்முன் ஒட்டுங்கள். முதல் நாள் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டாம். பேரங்காடியில் பொருள் வாங்கி, பக்கத்திலேயே முன்பதிவு செய்த முகாமில் தங்குங்கள். அங்கே எதாவது புரியாவிட்டால் கடைக்குத் திரும்பவும் முடியும்.

ஓட்டுவது

இடப்பக்கம் ஓட்டுவதும் வலப்பக்க ஸ்டியரிங்கும் நமக்குப் பழக்கமே. வேறுபடுவது மூன்று. ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார், எனவே காரில் திருப்பும் இடத்திலேயே திருப்பினால் பின் சக்கரம் நடைபாதை ஓரத்தில் ஏறும். சந்திப்பில் இன்னும் கொஞ்சம் முன்னே போய்த் திருப்புங்கள். இரண்டாவது, பின் சக்கரத்துக்குப் பின்னால் கூடு நீண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக வலப்பக்கம் ஒடித்தால் பின் இடது மூலை இடப்பக்கம் வீசும். நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரும்போது பக்கத்துக் காரை உரசுவது இதனால்தான். வண்டி நீளத்தில் பாதி தூரம் நேராக வந்த பிறகு ஒடியுங்கள். மூன்றாவது, காற்று. சுரங்கப்பாதை முடியும் இடத்திலும் பாலத்தின் மேலும் பக்கக் காற்று கூட்டைத் தள்ளும். பெரிய லாரி முந்திச் செல்லும்போது முதலில் விலக்கித் தள்ளிப் பிறகு அதன் பக்கம் இழுக்கும். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால், இது ஒன்றும் ஆகாது.

சாதாரணச் சாலையில் பலகை இல்லாவிட்டால் எல்லை 60, விரைவுச்சாலையில் 100. ஹொக்கைடோவில் பக்கத்துக்கு ஒரு தடம் மட்டும் உள்ள விரைவுச்சாலைப் பகுதிகளில் 70 என்று பலகை இருக்கும். ஊருக்குள் 40 சகஜம். 2026 செப்டம்பர் 1 முதல் நடுக்கோடு இல்லாத குறுகிய குடியிருப்புச் சாலைகளில் எல்லை 30.

ரயில் கடவையில் கேட் திறந்திருந்தாலும் முழுதாக நின்றுதான் கடக்க வேண்டும். தலைகீழான சிவப்பு முக்கோணம் என்றால் நிற்க வேண்டும் என்று பொருள், சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்பும் பழக்கத்தைச் சாங்கியிலேயே விட்டுவிடுங்கள். குடித்தவர் ஓட்டினால் அவரோடு உட்கார்ந்து வந்தவருக்கும் தண்டனை உண்டு.

மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தேசிய நெடுஞ்சாலை 273இல் உள்ள மிக்குனி கணவாய் 1,139 மீட்டர் உயரம். அங்கிருந்து இறங்குவது நீண்ட இறக்கம். ஆட்டோ கியரிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுத்து எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள், பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். மாலை மங்கும் நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று எதிர்பார்த்து நிற்க வேண்டும். இருட்டுவதற்குள் முகாமில் இருப்பதே வழக்கமாகட்டும்.

பின்னோக்கி நிறுத்தும்போது கேமரா இருந்தாலும் ஒருவர் இறங்கி, ஓட்டுநர் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் வேலை தரையைப் பார்ப்பது அல்ல, மேலே பார்ப்பது: கிளை, கடை முகப்பு, விளக்குக் கம்பம். அடித்தள கார்பார்க், பலமாடி கார்பார்க், காரிலிருந்தே வாங்கும் உணவுக்கடைப் பாதை எதிலும் நுழையாதீர்கள். வண்டியின் வழிகாட்டிக் கருவியில் போக வேண்டிய இடத்தின் தொலைபேசி எண்ணைத் தட்டினால் இடம் வந்துவிடும். அது காட்டும் குறுக்குவழி குறுகிய சந்தாக இருந்தால் நேர்ச்சாலையிலேயே போங்கள்.

டீசல் வண்டிகளே அதிகம், ஆனால் பெட்ரோல் வண்டிகளும் உண்டு. சாவியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஜப்பானிய சுய சேவை நிலையங்களில் பச்சைக் குழாய் டீசல், சிவப்பு சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர்தர பெட்ரோல். ஊழியர் உள்ள நிலையத்தில் ‘கெய்யு, மந்தான்’ என்றால் டீசல், முழுத் தொட்டி. ஒரு லிட்டருக்கு 7 முதல் 10 கிலோமீட்டர் என்று கணக்கிடுங்கள். கிழக்கே போகப்போக நிலையங்கள் குறையும், இரவில் மூடிவிடுவார்கள். பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

ஹொக்கைடோவின் பரப்பளவு சிங்கப்பூரைப் போல் நூறு மடங்குக்கும் அதிகம். ஒரு வாரத்தில் முழுதும் சுற்ற நினைத்தால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது இருக்கைதான். ஒரு நாளுக்கு 150 கிலோமீட்டர் போதும். சித்தோசேயிலிருந்து ஃபுரானோ, அங்கிருந்து பியெய், அசாஹிகாவாவில் மிருகக்காட்சிசாலை, பிறகு சோவுன்கியோ பள்ளத்தாக்கு என்று போனால் எந்த நாளும் அந்த அளவைத் தாண்டாது.

எங்கே தங்குவது

சாலையோர நிலையங்களான மிச்சி நோ எக்கி ஹொக்கைடோவில் மட்டும் 120க்கு மேல் உள்ளன. 24 மணி நேரமும் கழிவறையும் நிறுத்துமிடமும் உண்டு, இலவசம். ஆனால் அவை ஓட்டுநர்கள் ஓய்வெடுக்க ஏற்பட்டவை, தங்குமிடமாகப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அரசின் நிலைப்பாடு. களைப்பில் சில மணி நேரம் தூங்குவது வேறு, நாற்காலி போட்டு அடுப்பு மூட்டுவது வேறு. சில நிலையங்கள் இரவு தங்குவதற்குத் தடைப் பலகையே வைத்திருக்கின்றன. குடும்பத்தோடு போகிறவர்கள் ஒவ்வோர் இரவுக்கும் வண்டியோடு தங்கும் ஆட்டோ முகாமையோ ஆர்வி பார்க் என்ற பெயருள்ள இடத்தையோ முன்பதிவு செய்துவிடுங்கள். ஆர்வி பார்க் என்றால் மின் இணைப்பும் 24 மணி நேரக் கழிவறையும் இருக்கும், குளிக்கும் இடமும் தொலைவில் இருக்காது.

வண்டிக்குள் கழிவறை இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றோ, பயன்படுத்தினால் கட்டணம் என்றோ பல நிறுவனங்கள் சொல்லும். குளியல் ஒன்சென் வெந்நீர்க் குளங்களில். அங்கே ஆண் பெண் தனித்தனி, உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். அது ஒத்துவராத குடும்பங்கள் குடும்பத்துக்கென்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளியலறை உள்ள இடத்தையோ, காசு போட்டுக் குளிக்கும் ஷவர் உள்ள முகாமையோ தேடிக்கொள்ளலாம். கரடி நடமாடும் ஊர் என்பதால் மிச்ச உணவையும் குப்பையையும் இரவில் வெளியே வைக்காதீர்கள். குப்பையை வழியில் எங்கும் போட முடியாது. முகாமில் பை வாங்கிக் கொடுக்க வேண்டும், அல்லது வண்டியோடு திருப்பித் தர வேண்டும்.

மின்சாரக் கணக்கு

கூட்டுக்கென்று தனி பேட்டரி இருக்கும். பெரும்பாலும் 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி இரண்டு. 12 வோல்ட்டால் பெருக்கினால் 2,400 வாட் மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கையில் இருப்பது 1,200. குளிர்பெட்டி ஒரு நாளுக்கு 400 எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் விசிறி இரவு முழுதும் ஓடினால் 200. விளக்கு, பம்ப், போன்களுக்கு 150. மிச்சம் 450. மைக்ரோவேவ் 1,200 வாட்டில் பத்து நிமிடம் ஓடினால், இன்வர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 230 போய்விடும். அதே அளவு முடி உலர்த்தி எடுக்கும். இரண்டையும் ஒரே இரவில் இரண்டு பேர் பயன்படுத்தினால் கணக்கு முடிந்தது. லித்தியம் பேட்டரி வண்டியில் இந்தக் கவலை பாதியாகக் குறையும். ஏர்கானை மட்டும் மின் இணைப்பு உள்ள முகாமில்தான் இரவு முழுதும் போட முடியும்.

டீசலில் எரியும் ஹீட்டர் விடியற்காலை தானாக நின்றுவிட்டால் டீசல் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பேட்டரி அழுத்தம் குறைந்ததுதான் காரணம். சுமை எதுவும் ஓடாத நேரத்தில் 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று பொருள், பெரிய கருவிகளை நிறுத்திவிடுங்கள். மறுநாள் வண்டி ஓடும்போது பேட்டரி ஏறும். ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்குவதானால் மின் இணைப்பு அவசியம். ஹீட்டரை நிறுத்தும்போது அதன் பொத்தானால் மட்டும் நிறுத்துங்கள். உள்ளே குளிர்வதற்காக விசிறி சில நிமிடம் ஓடும், அதற்குள் மொத்த மின்சாரத்தையும் துண்டித்தால் பழுதாகும்.

நம் வீட்டு ரைஸ் குக்கரை எடுத்துப் போகாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. அந்த மின்சாரத்தில் நம் குக்கரின் வெப்பம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும், அரிசி ஊறும், வேகாது. போன் சார்ஜர்கள் எந்த மின்னழுத்தத்திலும் வேலை செய்யும், தட்டையான இரண்டு முனை செருகி மட்டும் வேண்டும்.

சமையல்

பையில் என்ன போகலாம் என்பதை முதலில் பாருங்கள். எந்த இறைச்சிப் பொருளும் ஜப்பானுக்குள் போகக் கூடாது, பக்குவாவும் சாசேஜும் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், அரிசி, காய்ந்த பருப்பு ஆகியவற்றுக்குப் பயிர் நோய்ச் சான்றிதழ் கேட்பார்கள், அவற்றை விட்டுவிடுங்கள். முஸ்தபாவிலோ தேக்காவிலோ வாங்கிய, கடை முத்திரையோடு மூடிய மசாலாத் தூள்கள், புளிக் காய்ச்சல், ரெடிமேட் உப்புமா பொட்டலங்கள் கைகொடுக்கும். அரிசியை அங்கே வாங்கலாம். குழையும் வகை என்பதால் தண்ணீரை நம் அளவைவிடக் குறைத்து வையுங்கள். சைவக் குடும்பங்கள் கவனிக்க: ஜப்பானிய சூப், சாஸ் பலவற்றில் மீன் சாறு இருக்கும்.

அடுப்புக்கு 250 கிராம் கேஸ் டப்பா. விமானத்தில் கொண்டு போக முடியாது, அங்கே வன்பொருள் கடைகளிலும் பேரங்காடிகளிலும் கிடைக்கும். முழுத் தீயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். வண்டிக்குள் தண்ணீர் கொதிக்க வைப்பது, சாதம் வைப்பது, சூப் சூடாக்குவது வரை சரி, அதுவும் கூரைக் காற்றோட்டியும் ஒரு ஜன்னலும் திறந்திருந்தால்தான். கார்பன் மோனாக்சைடு வாசனை தராது. தாளிப்பு, பொரியல், மீன் வறுவல் எல்லாம் முகாமில் வெளியே. கடுகும் வெங்காயமும் தாளித்த புகை திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஏறிவிட்டால் சுத்தம் செய்யும் கட்டணமும், அடுத்தவருக்கு வாடகைக்கு விட முடியாத நாட்களின் இழப்பீடும் கேட்பார்கள். பல ஒப்பந்தங்களில் வாசனை என்றே தனிப் பிரிவு இருக்கும்.

தண்ணீர்த் தொட்டி 20 லிட்டர் டப்பா ஒன்றோ இரண்டோ. பாத்திரம் கழுவினால் ஐந்து பேருக்கு ஒரே வேளையில் 8 லிட்டர் போய்விடும். தட்டைத் தாளால் துடைத்துவிட்டு முகாமின் கழுவுமிடத்தில் கழுவுங்கள். அழுக்குத் தண்ணீரைச் சாலையோரக் கால்வாயில் ஊற்றக் கூடாது.

ஒவ்வொரு காலையும் கிளம்பும் முன் ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. வெளியே இருப்பவர் மின்கம்பி கழற்றியாயிற்றா, ஏறும் படி உள்ளே போயிற்றா, வெயில் மறைப்பு சுருட்டிப் பூட்டியதா, டயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு சுற்று. உள்ளே இருப்பவர் கூரைக் காற்றோட்டி, ஜன்னல்கள், குளிர்பெட்டிக் கதவு, ஒவ்வோர் அலமாரிப் பொத்தான், கேஸ் டப்பா, கடைசியாக எல்லோருடைய பெல்ட்டும். திறந்து கிடக்கும் கூரைக் காற்றோட்டி விரைவுச்சாலையில் பிய்த்துக்கொண்டு போகும். அந்த ஓட்டையோடு மழையில் மீதிப் பயணம் முழுதும் ஓட்ட வேண்டியிருக்கும்.

திருப்பிக் கொடுப்பது

விமானத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்னால் கடையில் இருங்கள். முந்தின இரவே விமான நிலையத்துக்கு அருகில் உள்ள முகாமில் தங்கினால், அங்கேயே குப்பை, அழுக்குத் தண்ணீர், தரை எல்லாம் முடித்துவிடலாம். டீசலை நிரப்பி ரசீதைக் காட்ட வேண்டும், கடைக்குப் பக்கத்து நிலையத்திலேயே நிரப்புங்கள். மேல் படுக்கையின் மெத்தை இடுக்கு, பின் படுக்கையின் அடிப்பெட்டி, குளிர்பெட்டி, இந்த மூன்று இடங்களிலும்தான் பொருட்கள் மறந்துபோகும். வெளிப்புறத்தை மறுபடியும் படம் எடுத்துக்கொண்டு, சுங்கக் கட்டண அட்டையைத் திருப்பித் தந்து, கணக்குச் சீட்டில் கடைக்காரர் கையெழுத்தை வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.